நாற்காலி வந்தது, உட்காரலாமா?

ராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி ஒயிட்ஸ் ரோடு பக்கம் போனால் எக்ஸ்பிரஸ் அவென்யூ. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழின் வளாகமாக இருந்த இடத்தில் 2010இல் எழுந்த வணிக வளாகம். அண்ணா சாலையும் பாண்டி பஜாரும் அதிக தூரத்தில் இல்லை. இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடுவது கடை வேலைதான். அந்த வேலையின் முதல் நிபந்தனை, நிற்பது. பில் போடுபவருக்கு ஸ்டூல் உண்டு. சேலையை விரித்துக் காட்டுகிறவருக்கு அது நெடுநாள் இருந்ததில்லை.

காலையில் நிற்கத் தொடங்கி இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றால் என்ன ஆகும்? பாதம் வீங்கும், இடுப்பு வலிக்கும், கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைக்கும். மாதவிடாய் நாளிலும் கர்ப்ப காலத்திலும் அந்த வலியை விவரிக்க வேண்டியதில்லை. தி.நகர் ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரையில் காட்டியபோது தமிழகம் கலங்கியது. சட்டம் அசைய மேலும் 11 ஆண்டுகள் ஆயின.

2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் கொண்டுவந்த மசோதா, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது. அங்கே அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தையல்காரர் இருந்தார். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கழிப்பறைகூட இல்லாமல் தவித்த கடைப் பெண்களைப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரட்டிய விஜி. கழிப்பறைக் கோரிக்கையில் தொடங்கியது, நாற்காலிவரை போனது. பிரிட்டனில் கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டம் 1899இலேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் 22-ஏ பிரிவில் ஒரு சொல் உறுத்துகிறது: 'வாய்ப்பு'. அது எப்போது கிடைத்தது என்று யார் முடிவு செய்வது? மாடி மேற்பார்வையாளர்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் துணியை மடி, அடுக்கைச் சரிசெய் என்று அவர் சொன்னால் நாற்காலி சுவரோரமே கிடக்கும்.

இதற்கு விடை ராயப்பேட்டையிலேயே இருந்திருக்கிறது. அங்குள்ள வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி.க., 1917இல் அந்த வேலையை விட்டு 'தேசபக்தன்' ஆசிரியரானார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சங்கத்தின் முதல் குரல்களில் ஒன்று எதற்காக என்று நினைக்கிறீர்கள்? சாப்பாட்டு நேரத்துக்காக. அரை மணிக்குள் கை கழுவி, உண்டு, திரும்பிவிட வேண்டியிருந்த நிலையை மாற்றுவதற்காக. பசியும் கால்வலியும் தொழிலாளியின் தனிக் கஷ்டமல்ல, பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டிய விஷயம் என்பதை அந்தச் சங்கம் நூறாண்டுக்கு முன்பே காட்டியது. நிர்வாகம் வாடியா மீது வழக்குத் தொடுத்து, நீதிமன்றத் தடையும் பெற்றது. அந்த அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது.

சட்டத்தின் சொல்லுக்கு நிர்வாகமே பொருள் சொல்லும் சிக்கல் சம்பளத்திலும் உண்டு. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது; 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே ஊதியம் என்கிறது. ஆணை 'சூப்பர்வைசர்' என்றும் பெண்ணை 'சேல்ஸ்' என்றும் பிரித்துவிட்டால் ஒப்பிட ஆளே இல்லாமல் போகும். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று கேட்கத் தயங்குகிற கடையில், எந்தச் சட்டமும் பாதியிலேயே நின்றுவிடும்.

தொழிலாளர் துறை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 22-ஏ பிரிவைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு தளத்திலும் ஒட்டச் சொல்லலாம். ஊழியரிடம் மேலாளர் இல்லாத இடத்தில் பேசலாம். ஆய்வாளர் காலை 11 மணிக்கு வராமல், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை 7 மணிக்கு வந்து, யாருடைய நாற்காலியில் துணிப்பை குவிந்திருக்கிறது என்று பார்க்கலாம்.