பிரேக் போட்டால் கார் உதறுகிறதா? டிஸ்க் வளையவே இல்லை, தெரியுமா!

"டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், மாத்திரணும்." பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுகிறது என்று பட்டறைக்குப் போனால் வழக்கமாகக் கிடைக்கும் தீர்ப்பு இது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் எந்த டிஸ்க்கும் வளைந்திருக்காது, தெரியுமா? ரேஸ் கார் உலகில் பழம் தின்று கொட்டை போட்ட பொறியாளர் கரோல் ஸ்மித், வளைந்த டிஸ்க் என்பதே கட்டுக்கதை என்று ஒரு கட்டுரையே எழுதி வைத்தார்!

பிறகு யார்தான் ஆட்டுவது? தடிமன்! டிஸ்க்கைச் சுற்றிலும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் எங்கும் ஒரே அளவு வர வேண்டும். ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், ஒரு டன் கார் உதற ஆரம்பித்துவிடும். ஏ4 தாளின் கனத்தை ஐந்தாகச் சீவி, அதில் ஒரு சீவல். அவ்வளவுதான் சமாச்சாரம்!

தடித்த இடம், டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பிரேக் பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் பிஸ்டன் பின்னால் தள்ளப்படுகிறது. பிரேக் ஆயில் வழியாக அந்த உதை உங்கள் பாதத்துக்கே வந்து சேர்கிறது. 100 கி.மீ. வேகத்தில் சிறிய காரின் சக்கரம் நொடிக்கு எத்தனை சுற்று சுற்றும், தெரியுமா? ஏறக்குறைய 14! சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் எளிதில் அதிர்கிற வேகமும் அந்தப் பக்கம்தான். பைபாஸில் பேயாட்டம் ஆடிய ஸ்டியரிங், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தெருவுக்குள் ஓட்டிக் காட்டினால் பரம சாதுவாகிவிடுவது இதனால்தான்.

இன்னொரு அதிசயம்: புது டிஸ்க் போட்டதே கோளாறுக்கு விதையாகலாம்! டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துளி துரு இருந்தாலும் டிஸ்க் சற்றே சாய்ந்து உட்காரும். அந்தச் சாய்வு விளிம்பில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பேடுகளைத் தாங்கும் காலிப்பரும் கூடவே நகர்ந்து கொடுத்துவிடும். ஆனால் பிரேக்கே மிதிக்காமல் ஓடும்போதும் சுற்றுக்கு ஒரு முறை டிஸ்க் பேடை உரசும். உரசிய இடம் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் உதறல் கிளம்பும். பழியோ டிஸ்க் கம்பெனிக்கு! பஞ்சர் கடையில் ஏர் கன்னால் கர்ரென்று முடுக்கிய வீல் நட்டுகளும் இதே வேலையைச் செய்யும். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு என்றால் டிஸ்க் நேராக உட்காருமா?

அடுத்த குற்றவாளி சூடு. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்குகிறீர்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பினால் டிஸ்க் தகதகவெனச் சுடும். கீழே செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால் பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் அச்சாக ஒட்டிக்கொள்ளும்! அந்த இடம் மேலும் மேலும் சூடேறினால் அடியில் இருக்கும் வார்ப்பிரும்பே சிமென்டைட் என்ற கெட்டிப் பொருளாக மாறிவிடும். லேத்தில் கொடுத்து மேலாகச் சீவினாலும் அது மற்ற இடங்களைவிட மெதுவாகத் தேயும். உதறல் திரும்பி வரும். அப்படிப்பட்ட டிஸ்க்கைக் காயலான் கடைக்கு அனுப்புவதே மேல்.

கோளாறு முன்னாலா பின்னாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரத்தைச் சந்தேகியுங்கள். லீவர் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியென்றால், ஆளில்லாத நேர்ச்சாலையில் 40 கி.மீ. வேகத்தில் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெல்ல, மெல்ல இழுத்துப் பாருங்கள். அப்போதும் உதறினால் பின்னால்தான். பிரேக் போடாமலே ஆடினால் அது வீல் பேலன்ஸ் விவகாரம், வேறு கதை. சடன் பிரேக்கில் மட்டும் பெடல் படபடத்தால் பயமே வேண்டாம், ஏபிஎஸ் தன் வேலையைப் பார்க்கிறது. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்த வண்டியில் சின்ன உதறலும் பூகம்பமாகத் தெரியும். அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வைத்தியம்? டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்க்க வேண்டும். மாட்டிய பின் டயல் கேஜின் முனையை டிஸ்க்கில் வைத்து, கையால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். முள் நூறில் ஐந்து பங்கு மில்லிமீட்டரைத் தாண்டி ஆடினால், டிஸ்க்கை ஒரு போல்ட் இடம் தள்ளி மாட்டிப் பார்க்கலாம். பல நேரம் அதிலேயே ஆட்டம் அடங்கிவிடும், ஒரு பைசா செலவில்லாமல்! சீவுவதென்றால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்துவிட்டுத்தான் லேத்துக்கு. மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து. நட்டுகளை எல்லாம் ஒரே இறுக்கத்தில் முடுக்க டார்க் ரெஞ்ச்.

புது பேட் போட்ட வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது, தெரியுமா? காலிச் சாலையில் 60-லிருந்து 15 கி.மீ. வரை நிதானமாக வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி குறைத்து, பல தடவை பழக்க வேண்டும். எத்தனை தடவை என்பதைப் பேட் பெட்டியிலேயே போட்டிருந்தால் அதன்படி. நடுவில் முழுதாக நிறுத்தவே கூடாது. லேசாகக் கருகல் வாடை வரும். வரட்டும்.