தசிலிப் பாறை ஓவியங்களும் பதிவு முறையின் அரசியலும்

பாறை ஓவியங்கள் பற்றிப் பேசப்படும் அளவுக்கு அவை பதிவு செய்யப்பட்ட முறை பற்றிப் பேசப்படுவதில்லை. பதிவு என்பது ஆய்வுக்கு முற்பட்ட, நடுநிலையான தொழில்நுட்பச் செயல் எனக் கருதப்படுவதே இதற்குக் காரணமாகும். அல்ஜீரியாவின் தென்கிழக்கில், சகாராப் பாலைவனத்திலுள்ள தசிலி நாஜர் ஓவியங்களின் வரலாறு இக்கருத்தைப் பொய்ப்பிக்கின்றது.

தசிலி ஒரு மணற்கல் மேட்டுநிலம். நீரும் காற்றும் அரித்த அதன் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளிலும் பாறைக் குடைவுகளிலும் 15,000க்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்குருவங்களும் உள்ளன. அவற்றுள் மாட்டு மந்தைகளும், பின்னர் குதிரைகளும், இறுதியில் ஒட்டகங்களும் இடம்பெறுகின்றன. மழை குன்றி, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் சகாரா வறண்டபோது மேய்ச்சல் வாழ்க்கை அங்கு நிலைக்க முடியாது போயிற்று. உற்பத்தியின் அடிப்படை மாற, கலையின் பொருளும் மாறியது. எனினும் இதனை இயந்திரப் பாங்காகக் கொள்ளலாகாது. மந்தைக் காட்சிகளுக்கு முற்பட்டனவாகப் பலராலும் கொள்ளப்படும் வட்டத்தலை உருவங்களை உணவுத் தேட்டத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

1933இல் பிரெஞ்சு ஒட்டகப்படை அதிகாரி பிரெனான், ஜெராட் பள்ளத்தாக்கில் இவ்வுருவங்களைக் கண்டு வரைந்தார். 1956–57இல் ஹென்றி லோட் தலைமையிலான குழு பெருந்தொகையான ஓவியங்களைப் படியெடுத்தது. அல்ஜீரிய விடுதலைப் போர் (1954–62) நடைபெற்ற காலம் அது. நிறங்களைத் துலக்குவதற்காகக் குழுவினர் பாறைகளை நீரால் நனைத்துத் துடைத்தனர். படிகள் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் புகழ்பெற்றன. மூல ஓவியங்களோ மங்கின. குழுவுக்கு வழிகாட்டிய துவாரெக் மக்களின் நில அறிவின்றி இப்பணி நடந்திருக்க முடியாது. ஆயினும் ‘கண்டுபிடிப்பு’ என்ற பெருமை ஐரோப்பியருக்கே உரியதாயிற்று. எகிப்தியச் சாயல் கொண்டனவாக வெளியிடப்பட்ட சில உருவங்கள் போலியென்பதும் பின்னர் தெரியவந்தது. ஆபிரிக்கக் கலைக்கு வெளியிலே மூலம் தேடிய மனப்பாங்கு இத்தகைய போலிகளை எளிதில் நம்பவைத்தது எனலாம்.

இதற்கு மாறான வாசிப்பொன்றும் உண்டு. மாலி நாட்டு அறிஞர் அமது ஹம்பதே பா, ஜெர்மெய்ன் டீற்றெர்லெனுடன் இணைந்து 1966இல் எழுதிய கட்டுரையில், மந்தைக் காட்சிகளைப் புலானி இடையரின் சடங்கு மரபுகளைக் கொண்டு விளக்க முயன்றார். அவ்விளக்கம் விவாதத்துக்குரியதே. ஆனால் ஓவியத்தின் பொருளை உழைக்கும் மக்களின் வாழும் மரபில் தேடியமையில் அதன் முக்கியத்துவம் தங்கியுள்ளது.

இன்று புகைப்படம் பாறையைத் தீண்டாமலே பதிவை இயலச் செய்துள்ளது. கணினியின் துணையால் நிற வேறுபாடுகளை மிகைப்படுத்தி, கண்ணுக்குப் புலப்படாத கோடுகளையும் மீட்க முடிகின்றது. முன்பு நீர் செய்த வேலையை இப்போது சேதமின்றிச் செய்யலாம். ஆனால் புகைப்படமும் முற்றிலும் நடுநிலையானதன்று. ஓர் உருவத்தை மட்டும் தனித்தெடுக்கும் சட்டகம் அருகிலுள்ள உருவங்களையும், பாறையின் வளைவையும், குடைவின் அமைப்பையும் நீக்கிவிடுகின்றது. கூட்டு வாழ்வின் சாட்சியம், தனி ஓவியனின் ‘தலைசிறந்த படைப்பு’ எனச் சந்தைக்கு வருகின்றது.

1982இல் யுனெஸ்கோ தசிலியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பாதுகாப்புக்கு அது அவசியமே, ஆயினும் போதுமானதன்று. நனைத்துத் துடைக்கப்பட்ட நிறம் திரும்பி வராது. எனவே யார், யாருக்காக, எவருடைய அறிவைக் கொண்டு பதிவு செய்கின்றனர் என்ற வினாவைப் பதிவின் பின்னரன்றி, அதற்கு முன்னரே நாம் எழுப்புதல் வேண்டும்.