திரைக்குப் பின்னே ஒரு கணக்குப் புத்தகம்

படம் முடிந்ததும் திரையில் பெயர்கள் வரிசையாக ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பெரும்பாலோர் அதற்குள் எழுந்து நடந்துவிடுவார்கள். நடிகர், பாடகர், ஒளிப்பதிவாளர் பெயர்களெல்லாம் போன பிறகு, சின்ன எழுத்தில் தயாரிப்புக் கணக்கர் என்று ஒரு பெயர் வரும். அவர் என்ன வேலை செய்கிறார், அந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், நம் தோட்டத்துப் பிள்ளைகள் அதற்குப் போக முடியுமா என்பதையே இன்று பேசவிருக்கிறோம்.

பிள்ளை ‘சினிமாவில் வேலை’ என்று சொன்னால் பெற்றோர் முகம் சுளிப்பது இயற்கை. ஆனால், நடிக்கப் போவது வேறு. படத் தொழிலில் கணக்கு எழுதப் போவது வேறு. இந்தத் தொழில் நமக்குத் தொலைவிலும் இல்லை. ஜோகூரில் கெலாங் பாத்தாவுக்கு அருகே, அப்போது நூசாஜெயா என்றும் இப்போது இஸ்கந்தர் புத்ரி என்றும் அழைக்கப்படும் இடத்தில் பெரிய படப்பிடிப்பு நிலையம் ஒன்று எழுந்தது. இங்கிலாந்தின் பைன்வுட் நிறுவனத்தின் பெயரோடு தொடங்கிய அந்த நிலையம் பின்னர் இஸ்கந்தர் மலேசியா ஸ்டூடியோஸ் என்று பெயர் மாறியது. 2014இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் ‘மார்க்கோ போலோ’ தொடர் அங்கே படமாக்கப்பட்டது. முதற்பருவத்தின் பத்துப் பகுதிகளுக்கு ஏறக்குறைய 90 மில்லியன் அமெரிக்க டாலர் செலவு என்று பத்திரிகைகள் எழுதின. தச்சர், தையற்காரர், லோரி ஓட்டுநர், சமையற்காரர், விளக்குத் தூக்குவோர் என்று நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில், அவ்வளவு பணத்தையும் யாரோ எண்ணி எழுதத்தானே வேண்டும்?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வேலையைப் புரிந்துகொள்வது எளிது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். வந்தவர் பெயர் செக்ரோலில் ஏறுகிறது. பாலை நிறுத்து எடையை எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் கிராணியார் அதைக் கூட்டிச் சம்பளம் போடுகிறார். அன்றைக்கே எழுதாமல் விட்ட பெயருக்கு மாதக் கடைசியில் யார் சாட்சி சொல்வது? படப்பிடிப்புத் தளத்திலும் இதே கதைதான். இன்று யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்தக் காட்சி முடிந்தது என்று தினமும் ஓர் அறிக்கை தயாராகும். அதுவே படத்தின் செக்ரோல். மிகுதி நேரச் சம்பளம் அதைப் பார்த்தே கணக்கிடப்படும்.

இனி, தேவையான திறமைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கதையைச் செலவாகப் படிக்கத் தெரிய வேண்டும். ‘மழையில் கல்யாண ஊர்வலம் வருகிறது’ என்று எழுத்தாளர் ஒரே வரியில் எழுதிவிடுவார். கணக்கர் அந்த வரியில் தண்ணீர் லோரியையும், நூறு பேருக்குச் சாப்பாட்டையும், நனைந்த உடைக்கு மாற்று உடையையும், இரவு வேலைக்கான கூடுதல் கூலியையும் பார்ப்பார். இப்படித் தலைப்பு வாரியாகப் போடும் திட்டமே வரவு செலவுத் திட்டம். அதோடு, எதிர்பாராத செலவுக்கென்று பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவைப்பது பரவலான வழக்கம்.

இரண்டாவது, சில்லறைக் காசில் கண்டிப்பு வேண்டும். பொருள் வாங்கப் போகிறவரிடம் 1,000 வெள்ளி கொடுத்தால், எந்த நேரத்தில் கேட்டாலும் அவர் கையிலுள்ள ரசீதும் ரொக்கமும் சேர்ந்து 1,000 வெள்ளி வர வேண்டும். ரசீது 740 என்றால் ரொக்கம் 260. ஆணி, கயிறு, தேநீர், பெட்ரோல் என்று சின்னச் சின்னச் செலவிலேதான் பணம் அதிகம் கசியும்.

மூன்றாவது திறமை, இந்தத் தொழிலின் உயிர்நாடி. சாதாரணக் கணக்கு நடந்து முடிந்ததைச் சொல்லும். படக் கணக்கர் இனி நடக்கப் போவதையும் சொல்ல வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். 30 நாள் படப்பிடிப்புக்கு 300,000 வெள்ளி திட்டம். எதிர்பாராத செலவுக்குத் தனியாக 30,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். பத்து நாள் முடிந்தபோது 110,000 செலவாகியிருக்கிறது. ‘இன்னும் 190,000 இருக்கிறதே’ என்று மற்றவர் நிம்மதி அடையலாம். கணக்கரோ தினசரி அறிக்கையைப் புரட்டுகிறார். மழையினால் எட்டு நாள் வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி 22 நாள் வேலை. நாளொன்றுக்கு 11,000 வீதம் அதற்கு 242,000 வேண்டும். மரக்கடையிலிருந்து பலகை வந்து இறங்கிவிட்டது, 8,000 வெள்ளி பில் இன்னும் கட்டவில்லை. எல்லாம் சேர்த்தால் 360,000. திட்டத்துக்கு மேல் 60,000. ஒதுக்கிய 30,000ஐப் போட்டாலும் இன்னும் 30,000 துண்டு விழுகிறது.

பத்தாம் நாளிலேயே இதைச் சொன்னால் வழி உண்டு. ஓர் இரவுக் காட்சியைக் குறைக்கலாம். இரண்டு இடங்களை ஒன்றாக்கலாம். முதலாளியிடம் முன்கூட்டியே பணம் கேட்கலாம். இருபத்தெட்டாம் நாளில் தெரிந்தால் வழியில்லை. அப்போது கதாநாயகனின் பணம் நிற்பது அரிது. விளக்குத் தூக்கியவருக்கும் சமைத்துப் போட்டவருக்கும்தான் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று பதில் கிடைக்கும். அன்றாடக் கூலியை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பம் எத்தனை வாரம் பொறுக்கும்? ஆகவே, நேரத்தில் எழுதிய கணக்கு முதலாளியின் பணத்தை மட்டுமல்லாமல், தொழிலாளியின் கூலியையும் காக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு. 1980இல் வெளிவந்த ‘ஹெவன்ஸ் கேட்’ என்னும் அமெரிக்கப் படத்துக்கு முதலில் போட்ட திட்டம் 12 மில்லியன் டாலருக்கும் குறைவு. முடிவில் செலவு 40 மில்லியனைத் தாண்டியது. படமும் ஓடவில்லை. அதை எடுத்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் 1981இல் கைமாறியது.

நான்காவது, நாட்டுச் சட்டம் தெரிய வேண்டும். ஊழியர் சேமநிதி, சொக்சோ, வருமான வரி ஆகியவற்றில் யாருக்கு என்ன பிடிக்க வேண்டும் என்பதில் தவறு வரக்கூடாது. வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் ஊதியத்துக்குத் தனி வரி உண்டு. மேலும், 1981இல் அமைக்கப்பட்ட ஃபினாஸ் என்னும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக, 2013இல் ஒரு சலுகை தொடங்கியது. நிபந்தனைக்கு உட்பட்ட படங்கள் நம் நாட்டில் செய்யும் தகுதியான செலவில் 30 சதவீதத்தைத் திரும்பக் கொடுப்பதே அத்திட்டம். தணிக்கை செய்த கணக்கைக் காட்டினால்தான் அந்தப் பணம் கிடைக்கும். அப்படியானால், ரசீது இல்லாத 1,000 வெள்ளிச் செலவில் 300 வெள்ளி அங்கேயே தொலைந்தது என்று பொருள்.

ஐந்தாவது, மொழியும் குணமும். பில் மலாயில் வரும், ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வரும், தச்சர் சீனராகவும் ஓட்டுநர் தமிழராகவும் இருப்பார். பல மொழிச் சூழலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பலம். குணத்தில் முக்கியமானது, மரியாதையோடு ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு. இயக்குநர் எவ்வளவு பெரியவரானாலும், ‘ஐயா, இதற்குப் பணம் ஒதுக்கவில்லை’ என்று கணக்கைக் காட்டிச் சொல்ல வேண்டும். யாருடைய சம்பளம் எவ்வளவு என்பதை வெளியே பேசாத வாய்க்கட்டும் வேண்டும்.

இதற்குப் படிப்பு என்ன? எஸ்.பி.எம். பிரிவில் கணக்கியல் பாடம் நல்ல அடித்தளம். லண்டன் வர்த்தகச் சங்கத்தின் எல்.சி.சி.ஐ. கணக்குப் பதிவுத் தேர்வுகளை நம் நாட்டில் பலர் எழுதியிருக்கிறார்கள். கணக்கியல் டிப்ளோமாவும் பட்டமும் மேலே கொண்டு செல்லும். கணினியில் கணக்கு அட்டவணை போடத் தெரிவது கட்டாயம். ஆனாலும், முதல் வேலை ரசீதுகளை வரிசைப்படுத்தும் உதவிக் குமாஸ்தா வேலையாகத்தான் இருக்கும். அங்கிருந்துதான் படிப்படியாக ஏற முடியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் நிரந்தர வேலையன்று. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் வரும்வரை காத்திருக்க நேரிடும். படப்பிடிப்புக் காலத்தில் நேரம் காலம் பாராமல் உழைக்கவும் வேண்டும். ஆகவே பிள்ளைகள் முதலில் பொதுவான கணக்கியல் தகுதியைப் பெறட்டும். படம் இல்லாத மாதத்தில் கடையிலோ, தொழிற்சாலையிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ அந்தப் படிப்பு சோறு போடும்.

நம் வாழ்க்கையும் படமாகியிருக்கிறது. ரப்பர்த் தோட்டக் குடும்பத்தின் கதையைச் சொன்ன ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய மக்களின் கதையைச் சொன்ன ‘ஜகாட்’ 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. இத்தகைய சிறிய படங்களுக்கே கணக்கு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். அங்கே வீணாக்க ஒரு வெள்ளியும் இராது.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். பத்தாம், பதினொன்றாம் வயதுப் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். இந்த மாதச் செலவை அன்றன்றே எழுதட்டும். பதினைந்தாம் தேதி, ‘எவ்வளவு செலவாயிற்று?’ என்று கேட்டுவிட்டு, ‘மாதம் முடிய இன்னும் எவ்வளவு வேண்டும்?’ என்றும் கேட்போம். இரண்டாவது கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லப் பழகும் பிள்ளை, நாளை எந்தப் பெரிய நிலையத்தின் கணக்கு மேசையிலும் தயங்காமல் உட்காரும்.