நரம்பைச் சுடும் ஊசி: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

"ஸ்கேன்ல ஜவ்வு விலகியிருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் வேண்டாம், ஊசியிலயே நரம்பைச் சுட்டு விட்ரலாம்ங்கறாங்க." சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பக்கம் இடுப்புவலிக்காரர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விசைத்தறிக்காரர் சிமென்ட் தரையில் ஷிஃப்ட் முழுக்க நின்று, நாடாவில் தார் மாற்றவும் அறுந்த பாவைப் பிணைக்கவும் குனிந்துகொண்டே இருக்கிறார். பனியன் கம்பெனி டெய்லர் ஓவர்லாக் மிஷின் மேல் கழுத்தைக் கவிழ்த்தபடி பீஸ் கணக்கில் தைக்கிறார். இவர்களுக்குக் கத்தி வைக்காத சிகிச்சை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தப் பேச்சுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

எந்த வலிக்கு எந்த ஊசி?

முதுகெலும்பின் பின்புறம் கணுவுக்குக் கணு சிறு மூட்டுகள் உண்டு. அவற்றின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது மெல்லிய நரம்புக் கிளைகள். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி அந்தக் கிளையருகே ஊசியைக் கொண்டுபோய், ரேடியோ அலையால் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் சுடுவதே 'ரேடியோ ஃப்ரீக்வென்சி' சிகிச்சை. சுட்ட நரம்பு மீண்டும் வளரும். பலன் கிடைத்தால் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கும். "நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரம் தவறு.

ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தி, வலி காலுக்கு இறங்குகிறதென்றால் அது வேறு கதை. மூட்டு நரம்பைச் சுடுவதால் அந்த அழுத்தம் குறையாது. அங்கே சிலருக்கு நரம்பு வேரைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதன் பலனும் தற்காலிகமே.

சோதனை ஊசி அவசியம்

வலி அந்தச் சிறு மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று ஸ்கேன் மட்டும் சொல்லிவிடாது. முதலில் அந்த நரம்பருகே மரத்துப்போகும் மருந்தைச் சில துளிகள் செலுத்திப் பார்க்க வேண்டும். அடுத்த சில மணி நேரம் நடங்கள், குனியுங்கள், வழக்கமாக வலிக்கும் வேலையைச் செய்து பாருங்கள். பத்துக்கு எத்தனை வலி என்று மணிக்கொரு முறை தாளில் குறியுங்கள். வலி நன்றாகக் குறைந்தால்தான் சுடுவதற்கு நியாயம் உண்டு. குறையவில்லை என்றால் வலி பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வருகிறது. இந்தச் சோதனையும் சில நேரம் பொய்யான பலனைக் காட்டும் என்பதால் இரண்டு முறை செய்து பார்க்கும் மருத்துவர்களும் உண்டு. சோதனையே இல்லாமல் நேராகச் சுடலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும், வயது ஏற ஏற ஜவ்வுத் தேய்மானம் தெரியவே செய்யும். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, ரிப்போர்ட்டில் உள்ள மருத்துவச் சொற்களே நோயாளியின் அச்சத்தைக் கூட்டி, குணமாவதைக் கெடுக்கின்றன என்று காட்டியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016-இல், மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், சோதனை ஊசியில் பலன் தெரிந்த நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களுக்கு மட்டும் நரம்பைச் சுடும் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது. உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்துச் செய்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்று 2017-இல் நெதர்லாந்து ஆய்வுகள் சொல்லின. புற்றுநோயோ அழற்சி மூட்டுநோயோ காரணமாக இல்லாத நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இத்தகைய ஊசிமுறைகள் வேண்டாம் என்றே 2025-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. வலி மருத்துவர் சங்கங்கள் பல அதை எதிர்த்தன. விவாதம் முடியவில்லை. ஆகவே இது முதலில் கையில் எடுக்க வேண்டிய சிகிச்சை அல்ல. உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் முறையாகச் செய்து பார்த்த பிறகு யோசிக்க வேண்டியது.

ஆபத்துகள்

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலியும் தோலில் எரிச்சலும் மரப்பும் வரலாம். கிருமித்தொற்றும் கை கால் நரம்பு பாதிப்பும் அரிது. சுடும் முன் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, "கால் துடிக்குதுங்களா?" என்று மருத்துவர் கேட்பார். பதில் சொல்லும் அளவுக்கு நீங்கள் விழித்திருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவது, பேஸ்மேக்கர், கர்ப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசியால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். முதுகெலும்பில் போடும் ஸ்டீராய்டு ஊசியால் மிக அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு, மரணம்கூட நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. கழுத்தில் போடும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

சிறுநீர் அடைப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் முதுகு வலித்தால் முதுகெலும்புக் காசநோய் உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

உங்கள் உரிமை

சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. சோதனை ஊசிக்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதற்காக, அதே படுக்கையில் நரம்பைச் சுட்டுவிட முடியாது. எந்த நரம்பு, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு செலவு என்பதைத் தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்துக் கேட்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அவற்றை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

செலவும் நிவாரணமும்

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் முதலில் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். மருத்துவர் விடுப்புச் சான்று தந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. தனியார் காப்பீடு வைத்திருப்போர், இந்த ஊசிக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிய பிறகு சேருங்கள்.

கவனக்குறைவால் பாதிப்பு என்றால், மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் முழுவதும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் ஆணையத்தின் வரம்பில் வராது. வழிகாட்டலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பில், சம்மதப் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய மூன்றும் கையில் இருந்தால் புகார் வலுவாக நிற்கும்.

மேலே சொன்ன அவசர அறிகுறிகள் இல்லாத நாள்பட்ட வலிக்கு, சோதனை ஊசிக்கும் இரண்டாவது கருத்துக்கும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் எந்தக் கேடும் வராது. "இன்றைக்கே செய்தால் தள்ளுபடி" என்று யாராவது அவசரப்படுத்தினால், கையெழுத்துப் போடாமல் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.