உறையைக் கரைத்து வெளியே வரும் குஞ்சு

கல்வராயன் மலையில் நல்ல மழை பிடித்தால் கோமுகி ஆறு செம்மண் நிறத்தில் இறங்கி, கச்சிராயபாளையத்துக்கு அருகே உள்ள அணையில் வந்து சேரும். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் முட்டையிட இப்படியொரு புதுவெள்ளத்தைத்தான் தேடும். தேங்கிய குளத்தில் சினை முற்றியும் இடாமலே இருந்துவிடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரி சாற்றை ஊசி மூலம் செலுத்தி அவற்றை முட்டையிட வைத்தார்கள். ஏரிக் குத்தகைதாரர் இன்று குஞ்சு வாங்கி விட முடிவது அதனால்தான்.

ஊசியின் வேலை முட்டையோடு முடிந்துவிடுகிறது. வெளியே வருவது குஞ்சின் பாடு. அதற்குக் கோழிக்குஞ்சைப் போலக் கொத்திப் பிளக்க அலகு இல்லை. முட்டையைச் சுற்றியிருப்பதோ புரத இழைகளால் ஆன உறை. கருவுற்றதும் ஒரு நொதி அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. அலைச்சலையும் கிருமியையும் தாங்கத் தாய் கட்டிக்கொடுத்த சுவர் அது. கடைசியில் குஞ்சுக்கு அதுவே சிறை.

திறவுகோல் குஞ்சின் உடம்பிலேயே இருக்கிறது. பொரிப்புச் சுரப்பிச் செல்கள் உறையைச் செரிக்கும் நொதிகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும். வரிக்குதிரை மீனில் அவை மஞ்சள் கருவின் மேல்புறத்தில் இருக்கும். ஜப்பானின் மெடாகா மீனில் வாய்க்குள்ளே. நம் கடற்கரையோர நீர்நிலைகளிலும் மெடாகாவின் பேரினத்து மீன்கள் உண்டு. மெடாகாவில் இரண்டு நொதிகள் கூட்டாக வேலை செய்கின்றன. முதலாவது இழைகளை ஆங்காங்கே வெட்டி உறையின் உட்படலத்தை ஊதவைக்கும். ஊதியதை இரண்டாவது கரைத்துவிடும். முதலாவது மட்டும் இருந்தால் உறை பருக்கும், கரையாது. இரண்டும் துத்தநாகம் ஏந்திய நொதிகள். மிச்சமிருக்கும் மெல்லிய வெளிப்படலத்தைக் குஞ்சு துள்ளிக் கிழிக்கும்.

எப்போது சுரக்க வேண்டும்? முந்தினால் குறைவளர்ச்சி, பிந்தினால் மூச்சுத்திணறல். நீரில் பிராணவாயு குறைந்தால் பல மீன்களின் குஞ்சுகள் முன்னதாகவே பொரிகின்றன. 2024இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கண்டறிந்தது என்னை வியக்கவைத்தது: மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சுரப்பியை எட்டிக் கட்டளை தருகிறது. அது இல்லாத குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே இறந்தன. அந்தக் கட்டளைக்கான நரம்பமைப்பு பொரிவதற்குச் சற்று முன்பு உருவாகி, பொரிந்த கையோடு மறைந்தும் விடுகிறது.

நம் பெருங்கெண்டைக்குக் கருவுற்றதிலிருந்து பொரிவது வரை எல்லாம், வெதுவெதுப்பான நீரில், 14 முதல் 18 மணி நேரத்தில் முடிந்துவிடும். பொரிந்த குஞ்சு வயிற்றில் ஒட்டிய மஞ்சள் கருவை நம்பி ஏறக்குறைய மூன்று நாள் இருக்கும். இரை தேடுவது அதன் பிறகுதான்.