ஜகாத்துக்கு ஜிபே இருக்கு, வக்ஃபுக்கு?

‘வக்ஃப்’னு சொன்னதும் நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு டிவி விவாதம்தான் ஞாபகம் வரும். என்னை மாதிரி முஸ்லிம் வீட்டுப் பசங்களுக்கு, பள்ளிவாசலை ஒட்டி வரிசையா இருக்கிற பழைய கடைகள் ஞாபகம் வரும். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அது நாம கொடுக்கக்கூடிய ஒண்ணுன்னு யாருக்கும் தோணாது. நிலபுலன் வெச்சிருந்த யாரோ தாத்தா காலத்துல எழுதி வெச்சுட்டுப் போனது, இப்போ பெரியவங்க அதுக்காகக் கோர்ட்டுக்கு அலையறாங்க. அவ்வளவுதான் நம்ம பார்வை.

முதல்ல அடிப்படையைப் பார்த்துடலாம். ஜகாத் கட்டாயக் கடமை. குறிப்பிட்ட அளவுக்கு மேல சேமிப்பு இருந்து ஒரு வருஷம் ஆனா, அதுல 2.5 சதவீதம் கொடுத்தாகணும். சதகா நாம விரும்பிக் கொடுக்கிற தர்மம். இந்த ரெண்டும் வாங்கினவர் கையில போய்ச் செலவாகிவிடும். வக்ஃப் வேற ரகம். அந்த அரபுச் சொல்லுக்கே ‘நிறுத்தி வைப்பது’ என்றுதான் பொருள். கைபர்ல தனக்குக் கிடைச்ச நிலத்தை என்ன செய்யலாம்னு உமர் கேட்டபோது, நிலத்தை அப்படியே நிறுத்திவிட்டு அதன் விளைச்சலைத் தர்மம் செய்யலாம்னு நபிகள் நாயகம் வழி சொன்னதாக ஹதீஸ் இருக்கு. அதுக்கப்புறம் அந்த நிலத்தை விற்க முடியாது, அன்பளிப்பா கொடுக்க முடியாது, வாரிசுக்கும் போகாது. நம்ம பாஷையில சொன்னா, ஜகாத் சார்ஜ் ஏத்திக் கொடுத்த பேட்டரி, வக்ஃப் மாடியில மாட்டின சோலார் பேனல். (பேனலுக்கும் ஆயுள் 25 வருஷம்தானேன்னு ஈஈஈ பசங்க சண்டைக்கு வராதீங்க!)

அப்போ நம்ம தலைமுறை கஞ்சத்தனமா? நிச்சயமா இல்லை. போன ரமலான்ல ஒரு ஜூனியரோட அப்பா ஆபரேஷனுக்காக எங்க ஹாஸ்டல் குரூப்ல ஒரு க்யூஆர் கோடு வந்தது. சஹர் நேரம் முடியறதுக்குள்ள கேட்ட தொகை சேர்ந்துடுச்சு. நூறு ரூபா போட்டவனுக்கும் யாருக்குப் போகுது, எதுக்குப் போகுதுன்னு தெரியும். மறுநாள் ஆஸ்பத்திரி பில்லும் குரூப்புக்கு வந்தது. வக்ஃப்ல நம்மாளுங்களுக்குக் கிடைக்காதது இதுதான். நூறு ரூபாய்க்கு அங்கே வழி இல்லை, கணக்கும் கண்ணுக்குத் தெரியறதில்லை.

கணக்குன்னதும் ஒரு எண் சொல்றேன். 2006ல சச்சார் குழு அறிக்கை வந்தது. நாடு முழுக்கப் பதிவான வக்ஃப் சொத்துகள் சுமார் 4.9 லட்சம், நிலம் சுமார் 6 லட்சம் ஏக்கர். பழைய கணக்குப்படி மதிப்பு 6,000 கோடி ரூபாய், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி. வருஷ வருமானமோ வெறும் 163 கோடி. 10 சதவீத வருமானம் வந்திருந்தா 12,000 கோடி கிடைச்சிருக்கும்னு அதே அறிக்கை சொல்லுது. ஆக்கிரமிப்பு, பழைய வாடகை, நிர்வாகக் கோளாறு என்று காரணங்கள் நிறைய. இதைப் படிச்ச ஒரு இருபத்தொரு வயசுக்காரன், ‘இருக்கிறதையே ஒழுங்கா பார்த்துக்கலையே, நான் வேற எதுக்குக் கொடுக்கணும்’னு கேட்டா அதில் தப்பு இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா வக்ஃப்னா நிலம்தான்னு நினைக்கிறது முழுசா சரியில்லை. ஒட்டோமான் காலத்திலேயே ரொக்கப் பண வக்ஃப் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது கூடுமா கூடாதான்னு உலமாக்களுக்குள்ள பெரிய விவாதமே நடந்தது. எபுஸ்ஸுவூத் ஆதரித்தார், பிர்கிவி எதிர்த்தார். இன்னைக்கு இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போயிருக்கிறது இந்தோனேசியா. அங்கே 2004ல வந்த 41ஆம் எண் சட்டம் பண வக்ஃபை ஏத்துக்குது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வக்ஃப் செய்யலாம்னும் சொல்லுது. 2020ல அரசே சாதாரண மக்களுக்காக ஒரு வக்ஃப் சுகூக் வெளியிட்டது. சுகூக் என்பது வட்டி இல்லாத இஸ்லாமியப் பத்திரம். குறைந்தபட்சத் தொகை 10 லட்சம் ருபியா. பயப்படாதீங்க, நம்ம காசுல அப்போ சுமார் 5,000 ரூபாய்தான். ரெண்டு வருஷம் கழிச்சு முதல் நம்ம கைக்குத் திரும்பிடும். இடைப்பட்ட வருமானம் மட்டும் சமூகப் பணிக்குப் போகும். அதே வருஷம் முன்னாடி வெளியிட்ட பத்திரத்தின் வருமானத்துல பான்டென் மாநிலம் செராங்கில் இருக்கிற அக்மத் வார்டி வக்ஃப் கண் ஆஸ்பத்திரிக்கு விழித்திரை சிகிச்சைப் பிரிவு கிடைச்சது. முதல் சம்பளம் வாங்கின ஒருத்தனால 5,000 ரூபாயை ரெண்டு வருஷம் ஒதுக்கி வைக்க முடியும். ஒரு ஏக்கர் நிலம் கொடுன்னா அவன் எங்கே போவான்?

நம்ம நாட்டுல? 1995 வக்ஃப் சட்டத்தின் விளக்கத்திலேயே அசையும் சொத்தும் சேர்த்திதான். ஆனா அர்ப்பணிப்பு நிரந்தரமா இருக்கணும், ரெண்டு வருஷ ஏற்பாடு செல்லாது. 2025 திருத்தத்துக்கு அப்புறம் எழுத்துப் பத்திரம் இல்லாம புது வக்ஃப் உருவாக்க முடியாது. இது நல்லதுன்னு எனக்குத் தோணுது, எழுத்துல இருந்தாத்தானே நாளைக்குக் கணக்குக் கேட்க முடியும்? அதே திருத்தம், வக்ஃப் செய்பவர் குறைந்தது அஞ்சு வருஷம் இஸ்லாத்தைக் கடைப்பிடிப்பதைக் காட்டணும்னும் சொன்னது. இதைத்தான் ஜீரணிக்க முடியலை. எதை வெச்சுக் காட்டறது, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரா? அதைச் சரிபார்க்கிற விதிகள் வரும்வரை அந்தப் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர்ல தடை போட்டிருக்கு.

நாங்க நாலு பேர், மூணு பேருக்குப் பிளேஸ்மென்ட் ஆகிடுச்சு, மாசம் ஆளுக்கு 500 ரூபா போட்டு ஒரு சின்ன கல்வி வக்ஃப் தொடங்கலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம். எஃப்டியில போட முடியாது, அது வட்டி. வட்டியும் மதுவும் சம்பந்தப்பட்ட கம்பெனிகளைத் தவிர்க்கிற மியூச்சுவல் ஃபண்ட் இருக்கேன்னு ஒருத்தன் சொன்னான். மார்க்கெட் விழுந்து முதலே குறைஞ்சா அப்புறம் அது என்ன வக்ஃப்னு இன்னொருத்தன் மடக்கினான். ஹஜ்ரத்கிட்ட கேட்கலாம்னு அதைத் தள்ளி வெச்சோம். அடுத்து முத்தவல்லி யாருன்னு பேச்சு வந்தது. வருஷா வருஷம் கணக்கு எழுதி, எல்லாருக்கும் காட்டி, வேலைக்காக ஊர் மாறினாலும் விடாம பார்த்துக்கிற ஆள். எல்லாரும் அமைதியாகிட்டாங்க.