பரீட்சைக்கா... பரணுக்கா?

"ஏங்கண்ணு, இத்தனை புஸ்தகமும் பரீட்சைக்கா, இல்ல வேலூர்ல கடை கிடை போடப் போறியா?"

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். ஜேடர்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூரியர்காரர் அன்றைக்கு இறக்கிவிட்டுப் போனது நாலாவது பெட்டி. மொத்தம் பதினோரு புத்தகங்கள்! "இதுக்கு மேல பரண் தாங்காது" என்று அம்மா கையை விரித்துவிட்டாள்.

அத்தனையும் பி.எம்.பி. என்ற மூன்றெழுத்துக்காக. அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற அமைப்பு, ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு 1984 முதல் கொடுத்து வரும் சான்றிதழ். ஆபீஸில் கொஞ்சம் சீனியராகி, மேனேஜர் நாற்காலி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் யாராவது ஒரு புண்ணியவான் கேட்பார்: "என்ன சார், நீங்க இன்னும் பி.எம்.பி. பண்ணலையா?" அவ்வளவுதான். அன்று ராத்திரி தூக்கம் போச்சு!

எனக்கும் போச்சு. ஆபீஸில் ஒரு விதி: பாஸானால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், ஃபெயிலானால் கோவிந்தா! கட்டணமோ முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தங்கை கல்யாணக் கடன் பாக்கி இருந்த சமயம். வெற்றிலை விற்ற காசிலிருந்து அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்ததுதான் எனக்கு உதைப்பாக இருந்தது.

புத்தக வேட்டை ஆரம்பமானது. ஒரு நண்பர், "பி.எம்.பாக் கைடுதான் வேதம்" என்றார். இன்னொருவர், "ரீட்டா மல்காஹி புத்தகத்தை மூணு தடவை படிச்சாப் போதும்" என்றார். மூன்றாமவர், "புத்தகமே வேண்டாம், யுடெமியில ஆண்ட்ரூ ராம்தயாள் கோர்ஸ் பாருங்க" என்றார். நான் யார் மனதையும் புண்படுத்த விரும்பாதவன். எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன்!

போதாக்குறைக்கு, பாதி விலைக்குக் கிடைத்தது என்று பி.எம்.பாக் ஆறாம் பதிப்பை வாங்கினேன். 2017-ல் வந்தது. எழுநூறு பக்கத்துக்கு மேல். தலையணைக்குத் தலையணை, புத்தகத்துக்குப் புத்தகம். அதில் 10 அறிவுப் பகுதிகள், 49 செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று பட்டியல். ஒர்க் ஃப்ரம் ஹோம் காலம் அது. சாயங்காலமானால் படுகை அணைப் பக்கம் உட்கார்ந்து, அத்தனையையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். மீன் வறுவல் சாப்பிட வந்த குடும்பங்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகும். எதிரே ராஜா வாய்க்கால். பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்பார்கள். அவர் எந்தப் பதிப்பைப் படித்தாரோ தெரியவில்லை, வாய்க்கால் இன்னும் ஓடுகிறது!

2022 ஏப்ரலில் பெங்களூர் போய்ப் பரீட்சை எழுதினேன். 180 கேள்விகள், 230 நிமிடங்கள். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 77 விநாடிகூட முழுசாக இல்லை. முதல் கேள்வியைப் படித்தேன்; திக்கென்றது. பட்டியலிலிருந்து எதையும் கேட்கவில்லை. பிறகு? அச்சாகக் கேள்வி நினைவில்லை, சாடை இப்படித்தான்:

'உங்கள் டீமில் இரண்டு பேர் சண்டை. வேலை தாமதமாகிறது. முதலில் என்ன செய்வீர்கள்? மேலதிகாரியிடம் சொல்வீர்களா, ஒருவரை மாற்றுவீர்களா, இருவரையும் உட்கார வைத்துப் பேசுவீர்களா?'

ஆபீஸ் பழக்கம் விடுமா? "மேலதிகாரிக்கு மெயில்!" என்று கை தானாகப் போனது. பரீட்சை எதிர்பார்த்ததோ, முதலில் பேசிப் பார்க்கிற மேனேஜரை. இப்படியே போனால் ரிசல்ட் என்ன வரும்? வந்தது. ஃபெயில்!

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து ஓசூரில் ஆரம்பித்த வாக்கியம் சேலம் வந்தும் முடியவில்லை. வீட்டில் சொன்னபோது அவர் திட்டவில்லை. பரணை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு வெத்தலைக் கொடியைப் பத்து அகத்தியில ஏத்த முடியுமா கண்ணு? ஒண்ணுலதான் ஏறும். சரி, எதைக் கேப்பாங்கன்னு அவிங்க முன்னாடியே ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சுருக்கென்றது. சொல்லியிருக்கிறார்கள்! 'எக்ஸாம் கன்டென்ட் அவுட்லைன்' என்று பி.எம்.ஐ.யே போட்டிருக்கிறது. சில பக்கங்கள்தான், இலவசம். பதினோரு புத்தகம் வாங்கிய நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காசு கொடுத்தால்தானே நமக்குப் பொருள் மேல் மரியாதை!

அன்று ராத்திரி படித்தேன். 2021 ஜனவரியில் பரீட்சையே மாறியிருந்தது. மனிதர்களை நடத்துவது 42 சதவீதம், வேலையை நடத்துவது 50, வியாபாரச் சூழல் 8. கேள்விகளில் ஏறக்குறைய பாதி, அஜைல் முறையையும் கலப்பு முறையையும் ஒட்டியவை. அதாவது முழுத் திட்டத்தையும் முதலிலேயே கட்டிவிடாமல், கொஞ்சம் செய்து, காட்டி, திருத்திக்கொண்டு போவது. 2021-ல் வந்த ஏழாம் பதிப்பும் செயல்முறைப் பட்டியலை ஓரம் கட்டிவிட்டு 12 கொள்கைகளை முன்னால் வைத்திருந்தது. நான் பழைய ரூட் பஸ்ஸுக்குப் பாஸ் எடுத்து வைத்திருந்தேன்! புத்தகத்தின் மேல் குற்றமில்லை. கால அட்டவணை, செலவுக் கணக்கு புரிய ஆறாம் பதிப்பு நன்றாகவே உதவும். மனப்பாடம் செய்தது என் குற்றம்.

பிறகு நான் தேர்ந்தெடுத்தவை மூன்றே மூன்று.

ஒன்று, ஒரு கோர்ஸ். பரீட்சைக்கு விண்ணப்பிக்க எப்படியும் 35 மணி நேர வகுப்பு கட்டாயம். அதே கோர்ஸை, இந்தத் தடவை காதில் விழுகிற மாதிரி கேட்டேன்.

இரண்டு, ஒரு புத்தகம். அவுட்லைனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் எந்த அத்தியாயம் பதில் சொல்கிறது என்று பென்சிலால் குறித்தேன். அதிகம் குறி விழுந்த புத்தகம் ஜெயித்தது. கூடவே, அஜைல் பிராக்டிஸ் கைடு மட்டும். பி.எம்.ஐ. உறுப்பினர்களுக்குப் பி.எம்.பாக் கைடின் பி.டி.எஃப். இலவசம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்று, மாதிரித் தேர்வு. பி.எம்.ஐ.யின் ஸ்டடி ஹாலை எடுத்துக்கொண்டேன். மார்க்கைவிட முக்கியம், தப்பான விடை ஏன் தப்பு என்று நோட்டில் எழுதுவது. இரண்டு நோட்டுகள் தீர்ந்தன. அந்த நோட்டுகள்தான் என் பன்னிரண்டாவது புத்தகம். படித்ததில் உருப்படியானதும் அதுதான்!

ஒரு எச்சரிக்கை: "நிஜப் பரீட்சைக் கேள்விகள், ஐந்நூறு ரூபாய்" என்று செல்போனில் தூது வரும். கிட்டேயே போகாதீர்கள். விடைகள் பாதி தப்பாக இருக்கும்; தவிர, அது நடத்தை விதிக்கே விரோதம்.

தகுதி கிடைத்த ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை எழுதலாம். 2023 ஜனவரி, பொங்கலுக்கு முன்னால் இரண்டாம் முறை எழுதினேன். பாஸ்! ஆபீஸ் கொடுத்த பணத்தை அப்பா கையில் வைத்தேன். இந்தத் தடவையும் எண்ணவில்லை. மடியில் முடிந்துகொண்டு கொடிக்காலுக்குப் போய்விட்டார்.

இப்போது எழுதப் போகிற தம்பிகள், "அண்ணா, எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்று கேட்டு வருகிறார்கள். "முதலில் நீ எழுதுகிற தேதிக்குரிய அவுட்லைனை எடுத்து வா, பரீட்சை அப்பப்ப மாறும்" என்பேன். முகம் தொங்கிப்போகும். பெட்டி நிறையப் புத்தகம் வாங்கினால் கிடைக்கிற திருப்தி, இலவசக் காகிதத்தில் வருமா?

ஆறாம் பதிப்பு என்ன ஆயிற்று என்கிறீர்களா? என் மேஜையில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் வைத்தால் கண்ணுக்குச் சரியான உயரம்!